முதல் பள்ளத்தில் கேட்கும் குரல்

என் தங்கத் தம்பி சரவணா,

நீ இருந்தவரைக்கும் உனக்கு நான் கடிதம் எழுதினதே இல்லை. எழுத என்ன இருந்தது? அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள் நான். ஏதாவது சொல்லணும் என்றால் நேரே வந்து கத்திவிட்டுப் போவேன். "மெதுவாப் பேசுக்கா, ஒரகடம் வரைக்கும் கேக்குது" என்று நீ காதைப் பொத்திக்கொள்வாய். இப்போது கத்தினாலும் கேட்காத இடத்துக்குப் போய்விட்டாய், அதனால்தான் காகிதமும் பேனாவும்.

நல்ல செய்தி ஒன்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் குறுக்கே பேசாதே. பேசினாலும் பரவாயில்லை, பேசேன்.

போன மாதம் ஒரு நாள், காலை ஷிஃப்ட் முடிந்து வல்லம் வடகாலிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் போன். ஜன்னலில் தலையைச் சாய்த்தேன். பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா, செத்துட்டியா? எய்ந்திரு, எய்ந்திரு."

உன் குரல். ஜலதோஷம் பிடித்த மாதிரி எப்போதும் அடைத்தே இருக்குமே, அதே குரல். கடைசியில் அந்தக் கேலிச் சிரிப்பு வேறு.

நான் எழுந்து நின்றுவிட்டேன். மடியிலிருந்த பை விழுந்து, டிபன் பாக்ஸ் டிரைவர் சீட்டு வரை உருண்டது. "இன்னாம்மா, உன் ஸ்டாப் இன்னும் வரலியே" என்றார் டிரைவர். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதற்குள் மறுபடியும், "இன்னா, செத்துட்டியா? எய்ந்திரு, எய்ந்திரு." யாருடா இது, பட்டப்பகலில்?

திரும்பினேன். தென்காசிப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண், போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து அவள் பயந்துபோனாள்.

"என்னக்கா, சத்தம் கூடிட்டோ? ஹெட்செட் வேலை செய்ய மாட்டேங்கு."

"இது யாரு குரலு?"

"தெரியலியேக்கா. இந்த கேம்ல வர்றதுதான். நாம செத்தோம்னா இப்படித்தான் திட்டும். எங்க ஹாஸ்டல்ல எல்லார்ட்டயும் இருக்கு."

எல்லாரிடமும் இருக்கிறதாம். உன் போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டு, உன் சட்டைகளை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, உன் பேரைச் சொன்னாலே அம்மா அழுவாளே என்று அந்தப் பேரையே வாயில் எடுக்காமல் நான் திரிகிறேன். நீயோ ஊர் பேர் தெரியாத பெண்ணின் உள்ளங்கையில் உட்கார்ந்து, செத்துட்டியா என்று கேலி செய்துகொண்டிருக்கிறாய். என் ஸ்டாப் போனது தெரியவில்லை. கடைசி ஸ்டாப்பில் டிரைவர்தான் இறக்கிவிட்டார்.

நாளைக்கு இதை யாராவது எடுத்துப் படித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டும், அதனால் நீ போன கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடிக்காத கதைதான்.

நம் பக்கத்தில் நைட் ஷிஃப்ட் ஆள் இருக்கிற வீட்டுக்குத் தனிச் சட்டம் உண்டு. காலையில் வந்து படுத்தவரை யாரும் எழுப்பக்கூடாது. குக்கர் வைக்க மாட்டோம், மிக்சியை அடுத்த வீட்டில் போய் ஓட்டிக்கொண்டு வருவோம். காலிங் பெல்லை அணைத்துவிடுவோம். காய்கறி வண்டிக்காரருக்குக்கூடத் தெரியும், நம் வாசலுக்கு வந்தால் கூவாமல் கையைத்தான் ஆட்டுவார். ஒருத்தர் தூங்குகிறார் என்றால் தெருவே கிசுகிசுப்பாகப் பேசும். அதுதான் இங்கே மரியாதை, அதுதான் பாசம்.

கார் சீட் செய்கிற கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை உனக்கு. அன்றைக்கு ஓ.டி.யும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து, அம்மா கொடுத்த இட்லியைத் தின்றுவிட்டுப் படுத்தாய். அம்மா உன் அறைக் கதவைச் சாத்தினாள். பகல் முழுக்க அடிமேல் அடி வைத்து நடந்தாள். சத்தம் வராத வேலையாகப் பார்த்து, பூண்டு உரித்துக்கொண்டிருந்தாளாம். சத்தமாகக் கூப்பிட்ட கொரியர்காரரை வாசலிலேயே மடக்கி, "புள்ள தூங்குது, கத்தாத" என்று விரட்டினாளாம். சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்றுதான் கதவைத் திறந்தாள்.

தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது, காலையில் படுத்த கொஞ்ச நேரத்திலேயே போயிருக்கும் என்றார் டாக்டர். சிகரெட் இல்லை, குடி இல்லை, அதற்கு முந்தின வாரம் வரைக்கும் உனக்குப் பொண்ணு பார்க்க அலைந்துகொண்டிருந்தோம். எப்படிடா? இந்த ஒரு கேள்வியை நான் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்.

சரி, கதைக்கு வருகிறேன். பஸ்ஸில் அந்தக் குரலைக் கேட்டதும் உன்னோடு எப்போதும் போனும் கையுமாகத் திரிந்த சிநேகிதன் ஜோசப்புக்குத்தான் தெரிந்திருக்கும் என்று அவனுக்குப் போன் போட்டு, கிழி கிழியென்று கிழித்தேன். பாவம் அவன், ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை கோயில் எதிரே டீக்கடைக்கு வரச்சொன்னான். அங்கேதான் எனக்கு அடுத்த இடி.

சின்ன வயதில் அப்பா பர்மா பஜாரிலிருந்து உனக்குப் பழைய வீடியோ கேம் ஒன்று வாங்கிவந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? பச்சைத் திரை, அதில் கையில் விளக்கோடு ஒரு குட்டி ஆள். அவன் பூமிக்கு அடியில் குகை குகையாகப் போவான். பூட்டிக்கிடக்கும் வழியைத் திறக்க வேறெங்கோ போய் ஒன்றைத் தேடி எடுப்பான், மறுபடி வந்த வழியே திரும்பி வருவான். சுவர்க் கடிகாரத்து பேட்டரியைப் பிடுங்கி அதில் போட்டுப்போட்டு, நம் வீட்டில் எப்போதும் தப்பு நேரம்தான். அந்த விளையாட்டை நீ விடவே இல்லை என்றான் ஜோசப். அதை எடுத்துப் புதிதாகச் செய்துகொண்டிருந்தாயாம்! அதே குகைகள், அதே குட்டி ஆள், ஆனால் புதுப் படம், புதுப் பாட்டு, புதுப் பாதை. வேறு வேறு நாட்டில் அதே விளையாட்டின் மேல் பைத்தியமாக இருந்த நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்து, ரெஸ்ட் ரூமில், பஸ்ஸில், லீவு நாளில் செய்தாயாம்.

"காசு வருமாடா அதுல?" என்று கேட்டேன். நான் வேறென்ன கேட்பேன்?

"விக்கறதுக்கு இல்லக்கா. அசல் கேம் செஞ்ச கம்பெனிக்காரன் நிறுத்துன்னா நிறுத்திட வேண்டியதுதான். ஆசைக்குச் செய்யறது."

"அந்தக் குரலு?"

"அது வெளயாட்டுக்குப் போட்டது. பழசுல ஆளு செத்தா டொய்ங்னு ஒரு சத்தம்தான் வரும். நல்ல சத்தம் கிடைக்கற வரைக்கும் இருக்கட்டும்னு அவனே பேசி வச்சான். அப்புறம் மாத்தப்போனா ஒருத்தரும் வுடல. தமிழே தெரியாதவன்லாம் எய்ந்திரு எய்ந்திருன்றான்க்கா."

சுடச்சுட இருந்த டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே தட்டில் சோறு தின்று வளர்ந்தவர்கள் நாம். உன் பனியன் சைஸ் தெரியும், எந்தப் பெண்ணைப் பார்த்தால் நீ வழிவாய் என்று தெரியும். இது எனக்குத் தெரியவில்லையேடா! போனை நோண்டிக்கொண்டே இருக்கிறான், கண்ணு கெட்டுப்போகும் என்றுதானே நினைத்தேன்.

ஜோசப் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தான். செய்து முடித்த குகைகள் மட்டும்தான் இதுவரை எல்லார் கைக்கும் போயிருந்தனவாம். இப்போது நீ பாதியில் விட்ட கடைசிக் குகையை மற்றவர்கள் முடித்துவிட்டார்கள், முழு விளையாட்டையும் வெளியிடப் போகிறார்கள். ஆனால் நீ இல்லை என்பது தெரிந்ததும் விளையாடுகிறவர்களுக்குள் பிளவு. செத்துப்போனவன் குரலில் 'செத்துட்டியா' என்று கேட்க முடியவில்லை, எடுத்துவிடுங்கள் என்று பாதிப் பேர். இருக்கட்டும் என்று மீதிப் பேர். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று இவன் வந்திருக்கிறான்.

"எடுத்துடு" என்றேன். யோசிக்கவே இல்லை. "இன்னைக்கே எடுத்துடு. அவன நிம்மதியாப் போகவுடுங்க. ஊர்ல போறவன் வர்றவன்லாம் தட்டித் தட்டிப் பேசவைக்க அவன் இன்னா பொம்மையா?"

"சரிக்கா. அம்மாவையும் ஒரு வார்த்த கேட்டுடு."

அம்மாவிடம் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவள் இருந்த இருப்பு உனக்குத் தெரியாதே. முட்டிவலி என்று சொல்லி ஹாஸ்டல் சமையல் வேலையை விட்டுவிட்டாள். நான் கொண்டுபோய் வைக்கிற சோறு மறுநாள் அப்படியே இருக்கும். பகலெல்லாம் உன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்வாள், படுத்துக் கிடக்கிறாள் என்று நானும் தொந்தரவு செய்யாமல் இருந்தேன். இப்படியே போனால் அம்மாவும் எனக்கு மிஞ்ச மாட்டாள் என்ற பயம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. இந்த லட்சணத்தில் உன் குரலை வேறு அவள் கேட்டுவிட்டால்? அதான் எடுத்துவிடச் சொல்லிவிட்டோமே, போகிறபோக்கில் தகவலாகச் சொல்லிவிடலாம் என்று அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போனேன்.

உன் அறைக் கதவில் கை வைத்தேன். உள்ளேயிருந்து கேட்டது.

"இன்னா, செத்துட்டியா? எய்ந்திரு, எய்ந்திரு."

கொஞ்சம் அமைதி. மறுபடியும் அதே. கொஞ்சம் அமைதி. மறுபடியும். கதவைத் தள்ளினேன்.

அம்மா உன் கட்டிலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். கையில் உன் போன். ஒரே இடத்தில் கட்டை விரலை அழுத்தினாள். பச்சைத் திரையில் அந்தக் குட்டி ஆள் விளக்கோடு நடந்தான், நடந்துபோய் ஒரு பள்ளத்தில் விழுந்தான். நீ பேசினாய். அவன் திரும்ப முதல் இடத்துக்கு வந்தான். அம்மா மறுபடி அழுத்தினாள். அவன் மறுபடி போய் விழுந்தான்.

"அம்மா."

"இரு" என்றாள், தலையைத் தூக்காமல். குட்டி ஆள் விழுந்து, நீ பேசி முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"எப்போலருந்தும்மா இது?"

"காரியம் முடிஞ்ச மறுநாள்லருந்து. அவன் போனுக்கு சார்ஜ் போட்டு எடுத்தேன், கை பட்டு தொறந்துகிச்சு. அந்தப் பையன் போய் வுழுந்தான். புள்ள பேசிச்சு."

படுத்துக் கிடக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பகலெல்லாம் என் அம்மா உன்னைப் பேசவைப்பதற்காக அந்த ஆளைப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். தாண்டத் தெரியவில்லை போல என்று நினைத்து, "இந்தாண்ட ஒரு பட்டன் கீது பாரு, இத அமுத்தினா தாண்டுவான்" என்று விரலை நீட்டினேன். என் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

"வாணாம். தாண்டிட்டா அவன் இன்னாத்துக்குப் பேசுவான்?"

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாத நேரத்தில் எனக்குக் கோபம்தானே வரும். "இந்தக் குரல எடுக்கச் சொல்லிட்டேன் ஜோசப்புகிட்ட. இனிமே இது வராது" என்று சொல்லிவிட்டேன். அம்மா போனை முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"யாருடி நீ சொல்றதுக்கு? ஊர்ல வுழறவன் அத்தினி பேரையும் என் புள்ள எய்ந்திருன்றான். அவன எய்ந்திருன்னு சொல்ல அன்னைக்கி வூட்ல நான் ஒருத்திதான் இருந்தேன். நான் சொல்லல. யாரையும் சொல்லவுடவும் இல்ல."

"டாக்டர்தான் சொன்னாரே, காலையிலேயே..."

"டாக்டர் சொல்லுவாரு."

நான் அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் இதைத்தான் மனசில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாளா? நீ போனதுக்கு அழுகிறாள் என்று நினைத்தேனே. எழுப்பாமல் விட்டதுக்கு அழுதிருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். அழுது முடித்ததும் அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, ஜோசப்புக்குப் போன் போடச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"யப்பா ஜோசப்பு, இந்தப் பள்ளத்துக்கு அப்புறம் வேற எங்கியாவது அவன் பேசறானா?"

ஜோசப் பொய் சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். சொல்லவில்லை, நல்ல பையன்.

"இல்லம்மா. பேசறது அந்த ஒண்ணுதான். எங்க வுழுந்தாலும் அதேதான் வரும். ஆனா அவன் செஞ்சது பூரா பள்ளத்துக்கு அந்தாண்டதாம்மா கீது."

"அப்டின்னா?"

"இந்தாண்ட இருக்கறது பழைய கேமு. பச்சையா, பழசு மாதிரியே வச்சிட்டான். அதத் தாண்டினாத்தான் அவன் வரைஞ்சது வரும். தாண்டினதும் பாக்கறவனுக்குத் தூக்கிவாரிப் போடணும்னு சொல்லிகினே இருப்பான். நீங்க இன்னும் பாக்கலியா?"

அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டுக்கேட்டு உருகின அந்த இடத்தில் உன் குரல் மட்டும்தான் இருந்தது, உன் வேலை ஒன்றுகூட இல்லை. "நான் அவன் செஞ்சத பாக்கவேயில்லையா?" என்றாள். அவள் முகம் போன போக்கை நான் எப்படி எழுதுவேன்? பிறகு என்னிடம் திரும்பி, "எதுடி அந்தப் பட்டன்?" என்றாள்.

காட்டினேன். முதல் தடவை சீக்கிரமாக அழுத்திவிட்டாள், விழுந்தான். எய்ந்திரு என்றாய். அடுத்த தடவை லேட், விழுந்தான். எய்ந்திரு என்றாய். "இருடா, வரேன்" என்று அம்மா உனக்குப் பதில் சொன்னாள், சத்தியமாகச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மறுபடி ஓடவிட்டாள். குட்டி ஆள் எம்பினான், விளக்கு ஒரு ஆட்டம் ஆடியது, அந்தப் பக்கம் போய் நின்றான்.

அவ்வளவுதான். பச்சை எல்லாம் உதிர்ந்துவிட்டது. திரை முழுக்க நிறம்.

அம்மா "ஐயோ" என்று கத்தியே விட்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அடியே தெரியாத ஆழத்துக்குக் குகை இறங்கிப் போகிறது. மேலே வேர்கள் தொங்குகின்றன, தண்ணீர் சொட்டுகிறது, சொட்டுகிற இடத்தில் விளக்கு வெளிச்சம் பட்டுச் சிவப்பு, நீலம், மஞ்சள். பழைய விளையாட்டில் ஒரே கல்லைத்தானே திரும்பத் திரும்ப வைத்திருப்பான்? இதில் ஒரு கல் மாதிரி இன்னொரு கல் இல்லை. அம்மாதான் அதை முதலில் கண்டுபிடித்தாள். "தேவி, அத்தினி கல்லும் வேற வேறயா கீதுடி" என்றாள். நேராக ஒரு கோடு போடத் தெரியாது என்று உன் டிராயிங் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாரே, அந்தப் பையனா இது? அம்மா ஒவ்வொரு கல்லாக விரலால் தொட்டாள். தொடத் தொட குட்டி ஆள் அங்குமிங்கும் ஓடினான்.

ரொம்ப நேரம் கழித்து, "இங்க வுழுந்தாலும் சொல்லுவானா?" என்று கேட்டாள்.

"எங்க வுழுந்தாலும் சொல்லுவான்னுதானம்மா ஜோசப் சொன்னான்."

"அப்ப எடுக்க வாணாம்னு சொல்லிடு. தாண்டறவங்களும் வுழுவாங்கல்ல, எழுப்ப ஒரு ஆள் வாணும்."

அன்றைக்கே ஜோசப்பிடம் சொல்லிவிட்டேன். முழு விளையாட்டும் வெளியில் வந்துவிட்டது சரவணா. இதுதான் நான் சொல்ல வந்த நல்ல செய்தி. இன்னொன்றும் இருக்கிறது. அம்மா திரும்ப ஹாஸ்டல் வேலைக்குப் போகிறாள், சோறும் தின்கிறாள். மூன்றாவது குகையில் ஒரு வௌவால் அவளைப் படாதபாடு படுத்துகிறது. "இன்னாத்துக்கு இப்டி ஒண்ண வச்சான் இந்தப் பையன்" என்று உன்னை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். நீ போன பிறகு அவள் உன்னைத் திட்டி நான் கேட்டது இப்போதுதான். என் காதில் தேன் பாய்கிறது. ஆனால் வேலை முடிந்து வந்ததும் ஒரு தடவை அந்த முதல் பள்ளத்துக்குப் போய் வேண்டுமென்றே விழுந்துவிட்டுத்தான் வருகிறாள். அது ஏன் என்று நான் கேட்பதில்லை.

எனக்கு மட்டும் அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை. எங்காவது அந்தக் குரல் கேட்டால் இப்போதும் நெஞ்சு திக்கென்று நிற்கிறது. நின்றுவிட்டு, பிறகு ஓடுகிறது.

இந்த வாரம் உன் மாமாவுக்கு, அதான் என் வீட்டுக்காரருக்கு, நைட் ஷிஃப்ட். நேற்று காலை வந்து படுத்தார், கதவைச் சாத்தினேன், குக்கரை எடுக்காமல் அரிசியை வடித்தேன். எல்லாம் வழக்கம்போலத்தான். மத்தியானம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். "இன்னாடி, வூடு பத்திகிச்சா?" என்று அலறி எழுந்தார். "ஒண்ணுமில்ல, தூங்கு" என்றேன். முறைத்தார், ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார், திரும்பிப் படுத்து மூச்சு விட்டார். நான் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் தம்பி. தெரு சிரிக்கட்டும், தூங்குகிறவர்கள் திட்டட்டும், மரியாதை தெரியாதவள் என்று பேர் எடுத்தாலும் எடுக்கிறேன். இந்த வீட்டில் இனிமேல் பகலில் யார் படுத்தாலும் நடுவில் ஒரு தடவை நான் உலுக்கிப் பார்க்காமல் இருக்க மாட்டேன். எழுப்பும்போது என்ன சொல்லுவேன் என்று உனக்கே தெரியும்.

உன் ஒரே அக்கா,
தேவி